நான் ஒருநாளும் ஓட்டாத வண்டி

மக்கா,

நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் சுகமாக இல்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் கடையில் பில் எழுதிய பழக்கத்தில் நீளத்தாளை எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்சப்பில் போடுவேன். கையெழுத்து பிடிபடாவிட்டால் பெரிதாக்கிப் படி. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் நீ இப்போது பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே.

மஸ்கட்டில் உன் வேலை போய் நாலு மாதம் ஆகிறது. கூடப் படித்த கூட்டுக்காரனின் அறையில் ஒரு மூலையில் பாய் விரித்துப் படுக்கிறாய், பகலில் வேலை தேடி அலைகிறாய். இதை என்னிடம் மட்டும் சொன்னாய். அம்மாவிடமும் நீ கட்டிக்கொள்ளப் போகிற அனிஷாவிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாதாமேல் சத்தியம் வாங்கினாய். கல்யாணம் முடியட்டும், அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிடும், கிடைக்காவிட்டால் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன். ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதே, நான் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பது, அதை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பழைய வண்டிப் பைத்தியங்களின் குழுவில் போட்டாய். மூன்று நாள் அங்கே பெரிய சண்டை. அவர்கள் பேசியதை எல்லாம் எனக்கும் அனுப்பினாய். படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் சைலன்சர் இருக்கிறது என்றான் ஒருத்தன். உதைக்கிற கம்பியும் கியர் கம்பியும் ஒன்றேதான், அதுவும் இடப்பக்கம், ஆகவே இது புல்லட்டே இல்லை, ஜாவா என்று அடித்துச் சொன்னான் இன்னொருத்தன். பின்சீட்டில் முடுக்கியிருக்கிற மரப்பலகை கம்பெனி வைத்தது இல்லை என்றார்கள். பெட்ரோல் டாங்கில் முட்டி படுகிற இடத்து ரப்பரில் வட்டமாக ஓர் ஓட்டை தெரிகிறதே, அது என்ன என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு நீ போன் பண்ணிச் சிரித்தாய். "ஏம்ப்பா, நீங்க ஓட்டின வண்டி புல்லட்டா ஜாவாவான்னுகூட உங்களுக்குத் தெரியாதா?" நானும் சிரித்து, வயசாச்சு மக்கா, மறந்துபோச்சு என்றேன். மறக்கவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியாது.

அந்த வண்டி என்னுடையது இல்லை. அதை நான் ஒருநாள்கூட ஓட்டியது இல்லை. அதை என்ன, எந்த மோட்டார் சைக்கிளையும் எனக்கு ஓட்டத் தெரியாது.

அப்போது நான் கோட்டாற்றில் கயிறும் வலைநூலும் விற்கிற கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை ஸ்டுடியோ. அதை வைத்திருந்த ஸ்டீபன் எனக்குக் கூட்டு. பெண் வீட்டாரிடம் காட்ட முழுஉருவப் படம் ஒன்று வேண்டும் என்று தரகர் கேட்டிருந்தார். ஸ்டீபன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெறுமன நிக்கிய படத்த எவ பாப்பா? அந்தா நிக்குது பாரு வண்டி, ஏறி இருல" என்றான். குளச்சலில் இருந்து வாரம் ஒருமுறை சரக்கெடுக்க வருகிற ஒரு மீன் வியாபாரியின் வண்டி அது. அவர் உள்ளே முதலாளியிடம் நூலின் தரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். மீன் வாடை குப்பென்று அடித்தது. வண்டி சரிந்துவிடுமோ, அவர் வெளியே வந்துவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. ஸ்டீபன் இரண்டு முறை அமுக்கினான், நான் குதித்து இறங்கிவிட்டேன். மொத்தமே ஒரு நிமிஷம் இருக்காது.

தரகர் அந்தப் படத்தைக் கொண்டுபோனதும் குளச்சலுக்குத்தான். உன் அம்மா சம்மதம் சொல்லிவிட்டாள் என்று செய்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயத்தன்று அவள் அப்பா, "மாப்ளே, வண்டிய எங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். முந்தின மாதம்தான் உன் அத்தைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "தங்கச்சி கல்யாணத்துக்காக வித்துட்டேன்" என்றேன். கூட்டம் அப்படியே உருகிப்போயிற்று. உன் அத்தை மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கண்மூடுகிற வரைக்கும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தப் பொய் நம் வீட்டில் எப்படி வளர்ந்தது என்று உனக்குத் தெரியும், நீயே தண்ணீர் ஊற்றினவன். ஆறாம் வகுப்பில் "தியாகம்" என்ற தலைப்பில் பேச்சுப்போட்டி வந்தபோது என் வண்டியைப் பற்றித்தானே பேசினாய்? முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கினாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அந்த டம்ளரில் எனக்குக் காப்பி தரும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி வேறு டம்ளர் கேட்பேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சூடு தாங்கவில்லை என்பேன். சூட்டுக்கு என்ன, எல்லா டம்ளரும் ஒரே சூடுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் நீ கூட்டுக்காரனின் வண்டியை ஓட்டிக்கொண்டு செட்டிக்குளம் சந்திப்பில் என்னைத் தாண்டிப் போனாய். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையை எனக்கு ஆட்டினாய். வீட்டுக்கு வந்ததும் உன்னை அடித்தேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினதற்கு என்று சொன்னேன், நீயும் நம்பினாய். அது பொறாமை, மக்கா. எனக்குப் பிறந்த பயல் எவ்வளவு லேசாக ஓட்டுகிறான் என்கிற பொறாமை. அந்த ஓர் அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். ஒருமுறைதான் உன்மேல் கைநீட்டினேன், அதுவும் அநியாயமாக.

இப்போது நீ இந்தக் கூத்தை ஆரம்பித்தாய். தங்கைக்காக அப்பா விட்ட வண்டியை என் கல்யாணத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். வேலையில்லாத அறையில் உனக்குப் பொழுதுபோக அது ஒரு வழி என்று நானும் சும்மா இருந்தேன். கடைசியில் பேச்சிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவரிடம் பலகை முடுக்கிய ஜாவா ஒன்று கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாய். "நீங்க போயி ஒரு தடவ ஏறி உக்காந்து பாருங்கப்பா. உங்க வண்டின்னா உங்களுக்குத் தெரியாமயா போவும்?" என்றாய். தட்டிக்கழிக்கப் பார்த்தேன். நீயும் அப்பாவோடு போ என்று அம்மாவிடமே சொல்லிவிட்டாய். அவள் புதுச்சேலை கட்டிக் கிளம்பி நின்றாள்.

போன வியாழக்கிழமை வடசேரியில் பஸ் ஏறிக் குலசேகரம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். நல்ல மனிதர் அந்த ரப்பர் வெட்டுகிறவர். மாட்டுக்கொட்டிலை ஒட்டி நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, முற்றத்தில் நிறுத்தி, துணியால் சீட்டைத் துடைத்தார். "ஒரு வட்டம் ஓட்டிப் பாரும் அண்ணாச்சி. ஒரே உதைதான், எடுத்துரும்" என்று என் கையில் கொடுத்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் நின்று உதைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கமாகக் குனிந்து கம்பியைத் தேடினேன். உன் குழுவில் அவர்கள் அவ்வளவு தெளிவாக இடப்பக்கம் என்று சொல்லியும், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அந்த மனிதர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது, இது என் வண்டி இல்லை, எந்த வண்டியும் என் வண்டி இல்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், அன்னியர் ஒருவர் முன்னால், சொல்லிவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து டாங்கின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "இது மாமாக்க வண்டி இல்ல" என்றாள்.

"எந்த மாமா?" என்றேன்.

"எனக்க சூசை மாமா. அவருக்க வண்டில இந்தப் பக்கத்து ரப்பர் பிய்ஞ்சு போயி, செருப்ப வெட்டி ஒட்டியிருப்பாரு. எனக்க செருப்பு. வார் நுழைக்கிய ஓட்ட அப்பிடியே இருக்கும். படத்துல பாத்ததில்லியா நீங்க?"

உன் குழுவில் இத்தனை பேருக்குத் தெரியாத ஓட்டை அதுதான், மக்கா. வண்டி ஓட்டத் தெரிந்தவன் முட்டியை டாங்கோடு ஒட்டி வைத்திருப்பான், ரப்பர் மறைந்திருக்கும். நான் பயத்தில் காலை அகட்டி வைத்திருந்தேன். அதனால் அவள் செருப்பு படத்தில் பளிச்சென்று விழுந்துவிட்டது. தரகர் அந்தப் படத்தை நீட்டின அந்தக் கணமே அவளுக்குத் தெரியும்.

சூசை மாமா அவளுடைய தாய்மாமன் என்பது எனக்குக் கல்யாணத்தன்றுதான் தெரியும். குளச்சல் கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், நம் கடைக்கு வருகிற அதே வியாபாரி வெள்ளை வேட்டியில் நிற்கிறார். நான் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவரோ வானத்தைப் பார்த்துக்கொண்டு, "வண்டி ரிப்பேரு மாப்ளே, பஸ்ஸுல வந்தேன்" என்றார். மாதாவே காப்பாற்றினாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதற்குப் பிறகு திருநாளுக்கும் பெருநாளுக்கும் எத்தனை முறை குளச்சல் போயிருப்போம்? அங்கேயும் சரி, அவர் கடைக்குச் சரக்கெடுக்க வந்த நாட்களிலும் சரி, ஒருமுறையும் அந்த வண்டி என் கண்ணில் படவில்லை. எனக்கு எவ்வளவு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமாவ பஸ்ஸுல வரச் சொன்னதே நான்தான்" என்றாள் உன் அம்மா. "நாம போவும்ப எல்லாம் வண்டிய அடுத்த வீட்டு வலைக் கொட்டகைல கொண்டு போடுவாரு. திட்டிக்கிட்டேதான் தள்ளுவாரு. ஒனக்க மாப்ளைக்க மானத்துக்கு நான் வண்டி தள்ளணுமாடின்னு. அந்தத் தெருவுக்கே தெரியும்."

ஒரு தெருவே சேர்ந்து என் மானத்தை மறைத்துவைத்திருக்கிறது. நான் அந்தத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன்!

ரப்பர் வெட்டுகிறவர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உள்ளே போய்ப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தார். கொட்டிலுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"படத்துல ஒங்க மொகத்த நீங்க பாத்திருக்கியளா? அம்புட்டுப் பயம். கைப்பிடிய பட்டும் படாம பிடிச்சிருக்கிய. எங்க வீட்டுல கைநீட்டாத ஆம்பள கெடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. அடுத்தவனுக்க சாமான இப்பிடிப் பயந்து தொடுத ஆளு, என்னையும் பாத்துத்தான் தொடுவாருன்னு நெனச்சேன். அது தப்பாப் போவல."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மக்கா. இந்த வயதில், யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில், கையில் சாயா டம்ளரோடு அழுதேன். அவள் முந்தானையைத் தரவில்லை. அழட்டும் என்று இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதற்காகத்தான் நான் இவ்வளவையும் எழுதுகிறேன். "நான் ஏமாறல கேட்டியளா. ஆனா நீங்க சொல்லுவியோன்னு காத்திருந்தேன். மோன் பொறந்தப்ப சொல்லுவாருன்னு நெனச்சேன். அவன் பேச்சுப்போட்டில பேசினப்ப, இன்னைக்கு ராத்திரி கண்டிப்பாச் சொல்லுவாருன்னு இருந்தேன். பொறவு காத்திருக்கதையே விட்டுட்டேன். அதுதான் எனக்கு சங்கடம்." தெரிந்திருந்தும் நீ ஏன் கேட்கவில்லை என்றேன். "நான் கேட்டு நீங்க சொன்னா, அது நீங்க சொன்னதாவுமா?" என்றாள்.

உன் அம்மா இத்தனை வருஷம் என்மேல் கோபமே படாத பெண் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அவள் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே கட்டிலில் படுத்திருந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம், இது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் சத்தியத்தை மீறினேன். இனி அவளிடம் ஒன்றை மறைத்துவைக்க எனக்குத் தெம்பு இல்லை. குலசேகரம் தாண்டியதும் உன் வேலை போன கதையைச் சொன்னேன். என்னை வைய வேண்டும் என்று தோன்றினால் வைதுகொள். அவள் என் பக்கம் திரும்பினாள். "சாப்பிடுதானா?" என்று கேட்டாள். சாப்பிடுகிறான் என்றேன். "அந்தப் பிள்ளைட்ட சொன்னானா?" இல்லை என்றேன். "அப்பம் சந்தேகமே இல்ல, ஒங்களுக்க மோன்தான்" என்றாள்.

நாங்கள் பேச்சிப்பாறைக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை அனிஷா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலையை விடுவதற்கு மாதக் கடைசியில் கடிதம் கொடுக்கப் போகிறாளாம். எழுதிக்கூட வைத்துவிட்டாள், கைப்பையில் இருந்து எடுத்து, "இங்கிலீஷ் சரியா இருக்கா மாமா?" என்று என்னிடம் காட்டினாள். கணவருடன் மஸ்கட்டில் வசிக்கப் போவதால் என்று எழுதியிருந்தாள். எவ்வளவு அழகான கையெழுத்து அந்தப் பிள்ளைக்கு! சரியாக இருக்கிறது மக்களே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் கோவிலில் உங்கள் முதல் கல்யாண ஓலையை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று உபதேசியார் வாசித்தபோது, நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார்.

வேலை போனது தடையே இல்லை, மக்கா. யாருக்குத்தான் போகவில்லை? நம் ஊரில் வளைகுடாவில் இருந்து ஓர் ஆளாவது பெட்டியோடு திரும்பி வராத வீடு எது? ஆனால் அந்தப் பிள்ளை உன்னை நம்பித் தன் வேலையை விடப்போகிறாள். என் பொய்யில் உன் அம்மாவின் சோறு போகவில்லை. உன் பொய்யில் அவள் சோறு போகும். கல்யாணத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்வேன் என்கிறாயே, பக்குவமான நாள் என்று ஒன்று வராது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாளைத் தேடினவன், என்னைக் கேள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்லக் கஷ்டமாகத்தான் விடிந்தது.

சொன்னால் அவள் கோபப்படலாம். இரண்டு நாள் போன் எடுக்காமல் இருக்கலாம். வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். மாட்டாள் என்று நான் உனக்கு வாக்குத் தர முடியாது. உன் அம்மா என் படத்தைப் பார்த்துச் சம்மதித்தது என் அதிர்ஷ்டம், அதை எல்லாப் பெண்களுக்கும் சட்டமாக வைத்துவிடாதே. அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எங்கள் பாடு. அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். அழைப்பிதழில் உன் பெயருக்குக் கீழே "மஸ்கட்" என்று இருக்கிறதே என்று அம்மாவிடம் கேட்டேன். "பேனா இல்லியா வீட்டுல? அடிச்சுட்டுக் குடுங்க" என்கிறாள்.

அனிஷாவுக்கு நாலு மணிக்குப் பள்ளி விடும். ஐந்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாளைக்கே கூப்பிடு. எழுதி அனுப்பாதே, குரலில் சொல். முதலில் மன்னிப்புக் கேள், காரணங்களைப் பிறகு சொல். அவள் பேசும்போது நடுவில் "சரி, சரி" என்று சொல்லாதே. முடிந்ததும், அவள் என்ன சொன்னாலும், எங்களைக் கூப்பிடு. நானும் அம்மாவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருப்போம்.

வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால், அங்கே அந்த மூலையில் தனியாகக் கிடந்து அழாதே. டிக்கெட் போட்டு வந்துவிடு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்து நிற்போம். உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு நீ மாப்பிள்ளையாக இருக்க வேண்டியது இல்லை.

உன் அப்பா